கேட்கிறவர்களும் பேசுகிறவர்களும்

ரேடியோ என்றாலே நமக்குக் கேட்பதுதான். பேசுவது வேறு யாரோ. இந்தப் பிரிவினை கருவியிலிருந்து வந்ததல்ல என்பது என் வாதம்.

வீட்டு டிரான்சிஸ்டர் செட்டுக்குள்ளேயே சின்ன ஆசிலேட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நிலையத்தின் அலையோடு தன் அலையைக் கலந்துதான் அது நம்மைக் கேட்க வைக்கிறது. அப்படியொரு அலையில் குரலை ஏற்றி, பெருக்கி ஏரியலில் விட்டால் அது ஒலிபரப்பி. ஆம்பூரில் ரேடியோ ரிப்பேர் செய்யும் நண்பரிடம் கேட்டேன். ‘ரெண்டு டிரான்சிஸ்டர், ஒரு காயில், அவ்ளோதான். செஞ்சா போலீஸ் வரும்’ என்றார். முதலில் சொன்னது தொழில்நுட்பம். பிறகு சொன்னது அரசியல்.

கேட்கிறவரைப் பேசவும் வைக்க வேண்டும் என்று பிரெக்ட் 1932இல் எழுதினார். அடுத்த ஆண்டே இங்கே வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. சென்னையில் 1924இல் ஒலிபரப்பைத் தொடங்கியது அரசல்ல, சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் ஆர்வலர்களும் நடத்திய பிரசிடென்சி ரேடியோ கிளப். 1927இல் பணமில்லாமல் நின்றது. 1930இல் மாநகராட்சி எடுத்தது, 1938இல் அகில இந்திய வானொலி வந்தது. பதினாலே வருஷம்!

மிச்சமிருப்பது ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் ரேடியோ. பரீட்சை எழுதி, அழைப்புக்குறி வாங்கி, சொந்தமாய்ச் செட் கட்டிப் பேசலாம். என்ன பேசலாம்? 2003 வரை சர்வதேச விதி சொன்னது: சோதனை சம்பந்தமான பேச்சு, பிறகு பொதுத் தந்தி, தொலைபேசியில் சொல்லுமளவு முக்கியமில்லாத சொந்தப் பேச்சு. அதாவது முக்கியமின்மையே பேச்சுக்கு நிபந்தனை. 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது ஹாம் பயணமாகப் போர்ட் பிளேரில் இருந்தார் பாரதி பிரசாத். தொலைபேசிகள் செத்துப்போன அந்தமானிலிருந்து சேதி போனது அவர் செட் வழியே. அரசின் கம்பி அறுந்தால்தான் நம் பேச்சு முக்கியமாகிறது.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இல் சொன்னது. தோல் கழிவால் கெட்ட பாலாற்றைப் பற்றிய வேலூர் வழக்கில் தீர்ப்பு 1996இல் வந்தது. இரண்டையும் நாம் சேர்த்துப் படிக்கவில்லை. 2006க்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம்; சொந்தமாய்ச் செய்தி சொல்லத்தான் கூடாது. தொழிற்சாலைத் தண்ணி கிணத்துல எறங்கிடுச்சுன்னு ஒரு தோல் தொழிலாளி அதில் சொன்னால், அது செய்தியா, சொந்தப் பேச்சா? இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் என்பதுதான் கேள்வி. சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கற்பவர்கள் கூடவே இந்தக் கேள்வியையும் கற்க வேண்டும்.