குளம் பெருகுது

நின்றுபோன பேருந்து மறுபடி ஓடினாலும், நலிந்த கைத்தறி எழுந்தாலும், வறண்ட குளம் நிறைந்தாலும் செய்தித்தாள்களுக்கு ‘புத்துயிர் பெற்றது’ என்ற ஒரே சொல் போதும். சொல்லில் பிழையில்லை. ஆனால் யார் எதைச் செய்ததால் அந்த உயிர் வந்தது என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. தென்காசி மாவட்டத்து ராயகிரியைப் போல மலையடிவாரத்தில் குளத்து நீரை நம்பிப் பயிர் வைக்கும் ஊர்களில் அதையும் சேர்த்துச் சொல்லும் சொற்கள் பேச்சிலேயே இருக்கின்றன. எழுதுகிற நாம்தான் அவற்றைக் கைவிட்டுவருகிறோம்.

நட்ட நாற்று முதல் சில நாள் துவண்டு வெளிறிக் கிடக்கும். வேர் ஊன்றியதும் ஒரு காலையில் நிமிர்ந்து நிற்கும். ‘பச்சை பிடிச்சிருச்சு’ என்பார்கள். பச்சையைப் பிடிப்பது பயிர்தான், நட்டவர் அல்ல. குற்றாலத்தில் சாரல் விழுந்து அருவி கொட்டத் தொடங்கினால் சீசன் ‘களைகட்டுகிறது’. குளத்தின் கதை இன்னும் நுட்பமானது. கோடையில் தூர் வாரி, கரையை உயர்த்தி, மடையைச் சரிசெய்து, வரத்துக்காலில் மண்டிய முள்ளை வெட்டி வைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகி மறுகால் பாயும். வாருவது மனிதர், பெருகுவது குளம். இரண்டுக்கும் தனித்தனி வினை வைத்திருக்கிறார்கள். வாரிய கரம்பையும் வீணாவதில்லை. காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்த மண்ணை வண்டியில் ஏற்றி வயலில் பரப்பினால் நிலம் தெம்பாகும். குளத்தை மேடாக்கிய மண்தான் அது.

‘பெருகியது’, ‘பிடித்தது’ என்று தானாக நடந்ததுபோலப் பேசினால் உழைத்தவர் மறைந்துபோக மாட்டாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குத்தான், ஊரார் கூடிக் குளத்தைப் பழுதுபார்ப்பதைக் குறிக்கும் ‘குடிமராமத்து’ இருக்கிறது. மராமத்து அரபியிலிருந்து வந்த சொல் என்று சிலர் ஒதுக்குவார்கள். ஆனால் அதன் முன்னால் ‘குடி’ நிற்பதால், வேலை யாருடையது என்பது சொல்லுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. இந்தச் சொல்லின் வரலாறு முழுக்க இனிமையானதல்ல. ஊர் வழக்கமாக இருந்த உழைப்பை 1858-ல் ஆங்கிலேய ஆட்சி சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது. 2017-ல் தமிழக அரசு குளங்களைச் சீரமைக்கும் திட்டத்துக்கு அதே பெயரை வைத்து, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றது. இந்தப் பெயரால் ஊராருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. தங்களைக் கூட்டாமல் ஒப்பந்தக்காரர் மட்டும் வந்து மண் அள்ளினால், ‘இது குடிமராமத்தா?’ என்று அவர்கள் கேட்கலாம். ‘புத்துயிர்த் திட்டம்’ என்று பெயரிட்டிருந்தால் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

வயலுக்கும் குளத்துக்கும் இது சரி, கலைக்கும் கட்டடத்துக்கும் பொதுச்சொல் வேண்டாமா என்பது அடுத்த மறுப்பு. தென்காசியையே பார்க்கலாம். பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் அதைப் பழுதுபார்த்துக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டிலேயே எழுதிவைத்தான். நெடுங்காலம் சிதைந்து நின்ற ராஜகோபுரம் 1990-ல் ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்தது. அந்த வேலையை ஊர் ‘திருப்பணி’ என்றே சொல்கிறது.