உங்களுக்குத் தெரியுமா? தத்து ஆணைக்குப் பிறகு ஆறு அறிக்கைகள்

இந்தியக் குழந்தையைத் தத்தெடுத்து வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தின் கடமை, தத்து ஆணையோடு முடிவதில்லை. 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, குழந்தை அங்கே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று எனக் குழந்தையின் நிலை பற்றி ஆறு அறிக்கைகள் வர வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு நேரில் வந்து பார்க்கவும் பெற்றோர் முன்கூட்டியே சம்மதம் எழுதிக் கொடுக்கிறார்கள். சட்டப்படி பெற்றோரான பிறகும் அந்நியர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெற்ற பிள்ளையை இப்படி யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால், தலையணைக்கடியில் ரொட்டியை ஒளித்துவைக்கும் குழந்தைக்குத் தன் பயத்தைப் புது மொழியில் சொல்லத் தெரியாது. அனுபவமுள்ள சமூகப் பணியாளருக்கு அது பார்த்தவுடன் புரியும். குடியுரிமை பெற்றுத் தருவதில் பெற்றோர் காட்டும் கவனக்குறைவு, அந்தப் பயத்தைக் கவனிக்காமல் விடுவதைவிடக் கொடியது: பெற்றோர் விண்ணப்பிக்கத் தவறியதால், கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்துப்போன சிலர் நடுவயதில் நாடு கடத்தப்பட்டார்கள். அமெரிக்காவில் 2000இல் வந்த சட்டம் தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை தந்தபோதும், 2001 பிப்ரவரிக்குள் 18 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவில்லை.