கர்னல் ஹெரனின் பதவி நீக்கமும் ஆணைத்தொடரும்: 1755ஆம் ஆண்டு நெல்லைப் படையெடுப்பை முன்வைத்து

முன்னுரை

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்துள்ள நெற்கட்டும்செவல், பூலித்தேவரின் பெயரோடு பிரிக்க இயலாதவாறு இணைந்த ஊராகும். 1755ஆம் ஆண்டு கர்னல் அலெக்சாண்டர் ஹெரன் இவ்வூர்க் கோட்டையின் முன்னின்று வெறுங்கையுடன் திரும்பியதைத் தென்தமிழக வரலாற்று நூல்கள் பெருமிதத்துடன் பேசுகின்றன. அப்படையெடுப்பு முடிந்த சில மாதங்களில் அதே ஹெரன் சென்னையில் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்குத் தகுதியற்றவர் என விலக்கப்பட்டார். பூலித்தேவரின் எதிர்ப்பு பெற்ற கவனத்தை இந்தப் பதவி நீக்கம் பெறவில்லை. ஒரு படைத்தலைவர் எவருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டவர், அவ்வாணையின் எல்லை எது, அதனை மீறுவதால் விளையும் கேடு யாரைச் சேர்கிறது என்னும் வினாக்களை இந்நிகழ்வின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆணைத்தொடர் பற்றிய தமிழ்ச் சிந்தனை

படையின் வலிமை எண்ணிக்கையில் இல்லை, தலைமையில் உள்ளது என்பது தமிழ் அற நூல்களுக்குப் புதிய கருத்தன்று. திருக்குறளின் படைமாட்சி அதிகாரம், நிலைத்து நிற்கும் வீரர் பலர் இருப்பினும் தலைவர் இல்லாத படை படையாகாது என முடிகிறது. தெரிந்து வினையாடல் அதிகாரமோ, ஒரு செயலை முடிக்கும் கருவியையும் ஆளையும் ஆராய்ந்து, பின்னர் அச்செயலை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்கிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்போது ஆணைத்தொடரின் இரு முனைகளும் புலப்படும். ஏவப்பட்டவன் ஏவலின் எல்லைக்குள் நிற்றல் வேண்டும். ஏவுபவன் ஏவலைத் தெளிவாக வகுத்திருத்தல் வேண்டும். முதலாவது கடமை தவறியதற்காக ஹெரன் தண்டிக்கப்பட்டார். இரண்டாவது கடமை தவறியவர்கள் எவரும் விசாரிக்கப்படவில்லை.

1755ஆம் ஆண்டுப் படையெடுப்பு

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் மீது ஆர்க்காட்டு நவாப் முகமது அலி உரிமை கொண்டாடினார். அங்கிருந்து வரி வரவில்லை. கம்பெனியிடம் போர்ச்செலவுக்காகப் பெருங்கடன்பட்டிருந்த நவாபுக்கு அவ்வருவாய் தேவைப்பட்டது. கடனைத் திரும்பப் பெறக் கம்பெனிக்கும் அது தேவைப்பட்டது. ஆகவே 1755 பிப்ரவரியில் 500 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் அடங்கிய படை திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டது. அண்மையில் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஹெரன் அதன் தலைவர். நவாபின் அண்ணன் மாபூஸ்கான் குதிரைப்படையுடன் உடன் சென்றார். சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கியவர் யூசுப்கான்.

இப்படையெடுப்பைக் குறித்து இராபர்ட் ஆர்ம் எழுதிய விரிவான பதிவும், அதனைப் பின்பற்றிக் கால்டுவெல் தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் தரும் செய்திகளும் முதன்மையானவை. அவற்றின் வழி ஹெரனின் செயல்களை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, மதுரைக்கு அருகிலுள்ள கோயில்குடிக் கோயிலைத் தாக்கியபோது, கள்ளர் மக்கள் வழிபட்ட உலோகத் திருமேனிகளைப் படையினர் கவர்ந்தனர். இரண்டாவது, இராமநாதபுரம் மறவர் மன்னரின் தூதுவர்களுடன் ஹெரன் தாமாகவே நட்புடன்படிக்கை பேசி, கம்பெனியின் கொடிகளையும் அளித்தார். கம்பெனியின் நண்பர்களான தஞ்சை மன்னரும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் இதனை வன்மையாக எதிர்த்தனர். மூன்றாவது, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரிவசூல் உரிமையை ஆண்டுக்கு 15 இலட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானுக்குக் குத்தகையாக விட்டார். நான்காவது, ஆர்ம் ‘நெல்லிக்கோட்டை’ என்னும் ஒலிப்பில் குறிப்பிடும், திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்த கோட்டையைப் பிடித்தபோது, உள்ளிருந்த 400 ஆண்கள், பெண்கள், குழந்தைகளுள் 6 பேர் நீங்கலாக ஏனையோர் கொல்லப்பட்டனர்.

பின்னர்ப் படை மேற்கே திரும்பி நெற்கட்டும்செவலை அடைந்தது. குற்றால மலைத்தொடரின் அடிவாரத்தையொட்டி வடக்கே நீளும் மறவர் பாளையங்களுள் செல்வாக்கு மிக்கது அது. மண்சுவரைத் தகர்க்கும் கனரகப் பீரங்கிகள் ஹெரனிடம் இல்லை. உணவுப் பொருளும் குறைந்தது. திறைப்பணம் கேட்டுப் பேச்சு நடத்தியும் பூலித்தேவர் இணங்கவில்லை. கம்பெனிப் பதிவுகள் பீரங்கியின்மையைக் காரணமாகக் காட்ட, வட்டார மரபு பூலித்தேவரின் உறுதியைக் காரணமாகக் கூறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முற்றுகைக்குரிய கருவியின்றி வந்த படையின் மிரட்டல் வெறும் மிரட்டலே என்பதைப் பூலித்தேவர் சரியாகக் கணித்தார் எனக் கொள்வதே பொருந்தும்.

மே மாத இறுதியில் படை நத்தம் கணவாய் வழியே திரும்பியபோது கள்ளர்கள் அதனை மறித்துத் தாக்கினர். தங்கள் தெய்வங்களின் பெயரைச் சொல்லி முழங்கியவாறு போரிட்டு, கவரப்பட்ட திருமேனிகளை அவர்கள் மீட்டனர். தலைவனின் வரம்பு மீறல் கடைநிலை வீரனின் உயிரிழப்பாக முடிந்த இடம் நத்தம்.

பதவி நீக்கமும் அதன் அடிப்படையும்

கம்பெனிப் படையினரை இராணுவ நீதிமன்றத்தில் விசாரிப்பதற்கான சட்டத்தைப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1754இல்தான் இயற்றியிருந்தது. அடுத்த ஆண்டிலேயே ஒரு கர்னல் விசாரணைக்கு உள்ளானது குறிப்பிடத்தக்கது. மறவர் மன்னருடன் பேசிய உடன்படிக்கையையும் சீமைகளைக் குத்தகைக்கு விட்டதையும் சென்னை நிர்வாகம் ஏற்கவில்லை. பணம் பெற்றார் என்னும் குற்றச்சாட்டும் அவர்மீது சுமத்தப்பட்டது.

படைத்தலைவரின் அதிகாரம் போர் நடத்துவதோடு நிற்பது. உடன்படிக்கை செய்தலும் நிலத்தைக் குத்தகைக்கு விடுதலும் ஆட்சியாளர்க்கு உரியவை. களத்தில் நின்றவர் என்பதாலேயே ஹெரனுக்கு அவ்வுரிமை வந்துவிடாது. இவ்வகையில் பதவி நீக்கம் முறையானதே. எனினும் இரு குறைகள் எஞ்சுகின்றன. அவரது வீழ்ச்சியை விளக்கும் நூல்களில் பணமும் குத்தகையும் உடன்படிக்கையுமே காரணங்களாக முன்னிற்கின்றன. நெல்லிக்கோட்டையில் மாண்டவர்கள் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. மேலிடத்துக்கு இழப்பு விளைவித்த மீறல் குற்றமாயிற்று. மக்களுக்கு இழப்பு விளைவித்த மீறல் போரின் ஒரு நிகழ்ச்சியாயிற்று.

இரண்டாவது குறை ஆணைத்தொடரின் அமைப்பிலேயே உள்ளது. படைக்குச் சம்பளம் தந்தது கம்பெனி. நாட்டின் மீது உரிமை கோரியவர் நவாப். அவரது சார்பாக உடன் வந்தவர் மாபூஸ்கான். மூவரின் நலனும் ஒன்றல்ல. ஹெரனால் குத்தகை பெற்ற மாபூஸ்கானே சில ஆண்டுகளுக்குள் தம்பியை எதிர்த்துப் பூலித்தேவரோடு சேர்ந்தார் என்பது இதற்குச் சான்று.

யூசுப்கான்: அதே முரணின் தொடர்ச்சி

ஹெரனை நீக்கியதால் இம்முரண் தீரவில்லை. 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் குத்தகை யூசுப்கானிடம் அளிக்கப்பட்டது. ஹெரன் மீறிப் பெற்ற இரட்டை அதிகாரம், அதாவது படைத்தலைமையும் வரிவசூலும், இப்போது முறைப்படியே ஒருவரிடம் குவிந்தது. திருவிதாங்கூர்ப் படையின் துணையுடன் தென்காசிக்கு அருகிலுள்ள வடகரையை அவர் தாக்கினார். 1761இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய கோட்டைகள் அவரிடம் வீழ்ந்தன.

யூசுப்கான் தம்மைக் கம்பெனியின் ஊழியராகக் கருதினார். நவாப் அவரைத் தம் ஏவலராகக் கருதினார். 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை முகமது அலியைக் கர்நாடகத்தின் உரிமையுள்ள நவாபாக ஏற்றதும் நவாபின் கை ஓங்கியது. சென்னைக்கு வருமாறு விடுத்த அழைப்பை யூசுப்கான் ஏற்கவில்லை. இரு முற்றுகைகளுக்குப் பின் உடனிருந்தோராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். ஒருவருக்குப் பணிவிலக்கு, மற்றவருக்குத் தூக்கு என்னும் வேறுபாட்டில், பிரித்தானிய அதிகாரிக்கும் இந்தியப் படைத்தலைவருக்கும் கம்பெனி ஆட்சி வைத்திருந்த இருவேறு அளவுகோல்கள் தெரிகின்றன. எனினும் யூசுப்கான் ஆயுதமேந்தி எதிர்த்தார் என்பதும் கருதத்தக்கது. ‘கான்சாகிபு சண்டை’ போன்ற கதைப்பாடல்களில் அவர் நிலைபெற்றது, தண்டனையை மக்கள் வேறு விதமாக மதிப்பிட்டனர் என்பதைக் காட்டுகிறது.

பிற்கால ஒப்புமை

1951இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தளபதி மக்ஆர்தரை நீக்கியதும், 1998 டிசம்பரில் இந்தியக் கடற்படைத் தலைவர் விஷ்ணு பகவத் நீக்கப்பட்டதும் குடிமை ஆட்சிக்குப் படை கட்டுப்பட்டது என்னும் அதே நெறியின் பாற்பட்டவை. முன்னவர் அரசின் போர்க்கொள்கையோடு வெளிப்படையாக மாறுபட்டார். பின்னவர் துணைத்தலைவர் நியமனம் குறித்த அரசாணையை நிறைவேற்ற மறுத்தார். இவற்றில் ஆணையிடுபவர் யார் என்பதில் ஐயமில்லை. 1950ஆம் ஆண்டு இந்தியத் தரைப்படைச் சட்டமும் மேலதிகாரியின் ‘சட்டப்படியான’ ஆணைக்குக் கீழ்ப்படியாமையையே குற்றமாக வகுக்கிறது. அவ்வடைமொழி இருபுறமும் கூர்மையுடையது. கீழ்ப்படிபவனை மட்டுமின்றி ஆணையிடுபவனையும் அது சட்டத்துக்குள் நிறுத்துகிறது.

முடிவுரை

ஹெரன் தமக்குரிய எல்லையை மீறினார் என்பதும், அவரது நீக்கம் ஆணைத்தொடரின் இன்றியமையாமையை நிறுவியது என்பதும் தெளிவு. ஆயினும் அந்நீக்கம் ஒரு மனிதரை அகற்றியதே அன்றி, இரு தலைமைகளுக்கு இடையே ஒரு படையை நிறுத்திய ஏற்பாட்டை மாற்றவில்லை. அதன் விளைவை ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் யூசுப்கான் தம் உயிராலும், இடைப்பட்ட காலம் முழுவதும் தென்காசிப் பகுதிப் பாளையங்களின் மக்கள் எரிந்த ஊர்களாலும் இழந்த கோட்டைகளாலும் செலுத்தினர். கீழ்ப்படிதலைக் கோரும் உரிமை, தெளிவான, அறமான ஆணையைத் தரும் கடமையோடு சேர்ந்தே வருகிறது என்பதை நெற்கட்டும்செவலின் வரலாறு உணர்த்துகிறது.