பாணும் ஜாமும் கொண்டு வந்த பெண்கள்

பெண்களுக்குச் சம உரிமை வழங்கும் சட்டம் ஒன்றைப் பெண்களே எதிர்த்து நின்று தோற்கடித்த வரலாறு ஒன்று உண்டு. அது நடந்தது அமெரிக்காவில், 1972 முதல் 1982 வரையான பத்து ஆண்டுகளில். தேவாலயங்களிலும் வீட்டுச் சமையலறைகளிலும் வளர்ந்த போராட்டம் அது. பழைமை பேணும் கிறிஸ்தவர்கள் அமெரிக்க அரசியலில் பெரும் சக்தியாக எழுந்ததற்கு அந்தப் போராட்டமும் ஒரு காரணம். பெண்ணுரிமைக் கருத்தரங்குகளில் இந்தக் கதையை நான் அதிகம் கேட்டதில்லை. நம் பக்கம் தோற்ற கதை என்பதாலோ என்னவோ தெரியவில்லை. ஆனால் எங்கள் வாசகிகள் அறிந்திருக்க வேண்டிய கதை என்றே எனக்குப் படுகிறது.

ஆண், பெண் என்ற காரணத்தால் எவருக்கும் சம உரிமை மறுக்கப்படக் கூடாது என்று சொல்லும் வரி அமெரிக்க அரசியலமைப்பில் இருக்கவில்லை. (எங்கள் நாட்டின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 12 ஆம் உறுப்புரையில் அது இருக்கிறது. இருந்தும் என்ன கண்டோம் என்பது வேறு கதை.) அந்த வரியைச் சேர்க்கக் கோரும் பிரேரணை 1923 இல் முதன்முதலாக அமெரிக்கக் கொங்கிரசுக்கு வந்தது. சுமார் அரை நூற்றாண்டு இழுபட்ட பின்னர், 1972 மார்ச்சில் செனற் சபை 84 க்கு 8 என்ற வாக்குகளால் அதை நிறைவேற்றியது. அதன் பின் 50 மாநிலங்களில் 38 மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும். ஏழு ஆண்டு தவணை. முதல் ஓராண்டுக்குள்ளேயே 30 மாநிலங்கள் சம்மதித்து விட்டன. மிச்சம் எட்டு. எல்லோரும் காரியம் முடிந்தது என்றே நினைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பிலிஸ் ஷிலாப்லி என்ற பெண் எழுந்தார். கத்தோலிக்கர், ஆறு பிள்ளைகளின் தாய், இலினோய் மாநிலத்தின் ஓல்டன் என்ற ஊரில் வசித்தவர். தன்னை ஒரு இல்லத்தரசி என்றே அறிமுகப்படுத்திக் கொள்வார். ஆனால் சாதாரண இல்லத்தரசி என்று சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்து பல்கலைக்கழகம் படித்தவர். தேர்தலில் இரண்டு முறை நின்று தோற்றவர். மாதாமாதம் தானே ஒரு செய்திமடல் எழுதி அனுப்பி வந்தார். 1972 பெப்ரவரி இதழில் இந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினார். அதே ஆண்டில் ஒரு இயக்கமும் தொடங்கினார். சம உரிமை தரும் சட்டம் உண்மையில் பெண்களிடம் இருக்கும் சலுகைகளைப் பறிக்கிறது என்பதே அதன் கோஷம்.

அவர்கள் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும். வாக்கெடுப்பு நாட்களில் மாநில சட்டசபைக்கு வீட்டில் சுட்ட பாணும் ஜாமும் அப்பிள் பையும் கொண்டு போய் உறுப்பினர்களின் கையில் கொடுத்தார்கள். கத்திப் பேசவில்லை, சிரித்த முகத்தோடு நின்றார்கள். தொலைக்காட்சிக்கு எந்த நிறத்தில் உடுத்துவது, கேள்விக்கு எப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்வது என்று ஷிலாப்லி வகுப்பு வைத்துப் பழக்கினார். மேடையேறினால், வர அனுமதி தந்த தன் கணவருக்கு நன்றி சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். எதிரணிப் பெண்களைச் சினமூட்டுவதற்கே அப்படிச் சொன்னார். டெக்சாஸில் லொட்டி பெத் ஹொப்ஸ் என்ற பெண் இளஞ்சிவப்புத் தாளில் ஒரு துண்டுப்பிரசுரம் அச்சிட்டார். அது தேவாலயத்துக்குத் தேவாலயம், கைக்குக் கை போனது. அதுவரை அரசியல் கூட்டத்துக்கே போகாத பெண்கள் பஸ் பிடித்துத் தலைநகரத்துக்கு வந்தார்கள்.

அவர்களை வரவைத்தது பயம். அந்தப் பயத்தை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்போது வியட்நாம் போர் நடந்து கொண்டிருந்தது. ஆண் பிள்ளைகளுக்குக் கட்டாய இராணுவ சேவை. சமம் என்று எழுதிவிட்டால் பெண் பிள்ளைகளையும் கொண்டு போவார்கள் என்று தாய்மார் அஞ்சினார்கள். பிள்ளையைக் கொண்டு போய்விடுவார்களோ என்ற அச்சத்தை எங்கள் தாய்மாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மற்றது மணமுறிவு. குற்றம் காட்டாமலேயே விவாகரத்துப் பெறும் சட்டம் 1970 இல் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்து மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. இருபது வயதில் மணமுடித்து வீடே உலகமென்று இருந்தவள், ஐம்பது வயதில் கணவன் விட்டுப் போனால் என்ன செய்வாள்? 1977 இல் சட்டம் மாறும் வரை, இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருந்தால்தான் விவாகரத்தானவளுக்கு முன்னாள் கணவனின் கணக்கில் முதியோர் கொடுப்பனவு. பத்தொன்பது ஆண்டு சமைத்துப் போட்டவளுக்கு ஒன்றுமில்லை. இப்படி இருந்த பெண்ணிடம் போய், உன்னைப் பராமரிக்கும் கடமை கணவனுக்கு உண்டு, அந்தக் கடமையை இந்தச் சட்டம் ரத்துச் செய்யப் போகிறது என்று சொன்னால் அவள் நடுங்கத்தானே செய்வாள்?

அப்படி ஒரு கடமை உண்மையில் சட்டத்தில் இருந்ததா? இருந்தது, ஏட்டில். நெப்ராஸ்கா மாநிலத்தில் 1953 இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு அங்கே சட்டம் படிப்பவர்களுக்கு நன்கு தெரிந்தது. 1919 இல் மணமுடித்த ஒரு விவசாயியின் மனைவி வழக்குத் தொடுத்தாள். கணவனிடம் பெரிய காணியும் வங்கியில் பெருந்தொகைப் பணமும் இருந்தன. வீட்டிலோ குளியலறை இல்லை, உள்ளே மலசலகூடம் இல்லை, குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லை. மூன்று நான்கு ஆண்டுகளாக ஒரு கோட்டைத் தவிர அவளுக்கு அவன் உடுப்பு வாங்கிக் கொடுக்கவில்லை. அவள் கோழி வளர்த்து, அந்தக் காசில் தனக்கு உடுப்பும் வீட்டுச் சாமானும் வாங்கினாள். கீழ் நீதிமன்றம் அவளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மாநில உயர் நீதிமன்றம் அதை மாற்றியது: இருவரும் ஒரே வீட்டில் வாழும் வரை, கணவன் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதில் நீதிமன்றம் தலையிடாது. அதாவது பராமரிப்புக் கடமையைக் கோர வேண்டுமானால் அவள் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். பறிபோகப் போகிறது என்று ஷிலாப்லி சொன்ன சலுகையின் உண்மையான அளவு இவ்வளவுதான்.

இதே நெப்ராஸ்கா 1972 மார்ச்சில் சட்டத்துக்குச் சம்மதித்து, அடுத்த ஆண்டு மார்ச்சில் சம்மதத்தைத் திருப்பி எடுத்துக் கொண்டது. பின்னர் இன்னும் நான்கு மாநிலங்கள் அப்படிச் செய்தன.

ஏட்டில் இருக்கும் பாதுகாப்பையும் ஏன் பெண்கள் இறுகப் பிடிக்கிறார்கள்? காணாமற் போனவரின் மனைவியைப் பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று பதியச் சொன்னபோது, "அப்படிப் பதிந்தால் அவர் இல்லையென்று நானே சொன்னதாகி விடாதா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கையில் தரும் உரிமை, கையில் இருப்பதைப் பறிப்பதாகத் தெரியலாம். யாழ்ப்பாணத்தில் தேசவழமையின் கீழ்த் தன் பெயரிலிருந்த காணியை விற்க, இல்லாத கணவனின் கையெழுத்துக்காக அலைந்த பெண்களுக்கு மறுபக்கமும் தெரியும். அமெரிக்காவில் சட்டத்தை ஆதரித்த பெண்கள் இந்தப் பயத்தோடு உட்கார்ந்து பேசியது போதாது என்பது என் அபிப்பிராயம். 1977 நவம்பரில் ஹூஸ்டன் நகரில் தேசிய பெண்கள் மாநாடு நடந்தபோது, இல்லத்தரசிகளின் உரிமை பற்றியும் ஒரு தீர்மானம் எடுத்தார்கள். ஆனால் வெளியே பெரிதாகப் பேசப்பட்டது கருக்கலைப்பும் ஓரினச்சேர்க்கையும்தான். அதே நாளில் அதே நகரத்தின் மறுபுறம் ஷிலாப்லி கூட்டிய எதிர்க் கூட்டத்துக்குச் சுமார் 15,000 பேர் வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதே முக்கியம். கத்தோலிக்கர், சுவிசேஷ சபையினர், மோர்மன் சபையினர். 1960 இல் கென்னடி ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது, அவர் கத்தோலிக்கர் என்பதற்காகவே புரட்டஸ்தாந்து போதகர்கள் பலர் எதிர்த்தார்கள். அப்படி ஒருவரை ஒருவர் நம்பாதவர்களை ஒரே பந்தலில் சேர்த்தவர்கள் இந்தப் பெண்கள்தான். பாதிரியார் ஜெரி பால்வெல் "ஒழுக்கப் பெரும்பான்மை" என்ற தன் இயக்கத்தைத் தொடங்கியது 1979 இல்; அதற்குள் பாதை வெட்டப்பட்டிருந்தது. அதே ஆண்டில் பெவர்லி லஹேயும் கிறிஸ்தவப் பெண்களுக்காக ஒரு அமைப்புத் தொடங்கி, ஜெபக் குழுக்களை அரசியல் குழுக்களாகவும் ஆக்கினார். 1940 முதல் சம உரிமைத் திருத்தத்தை ஆதரித்து வந்த குடியரசுக் கட்சி, 1980 இல் அந்த ஆதரவைத் தன் கொள்கை அறிக்கையிலிருந்து நீக்கியது. கருக்கலைப்பிலும் இப்படித்தான். கத்தோலிக்கத் திருச்சபை தொடக்கம் முதலே எதிர்த்தது. தென் பப்ரிஸ்ற் சபையோ 1971 இல், பாலியல் வல்லுறவு, தாயின் உடல், மன நலம் போன்ற காரணங்களுக்காக அதைச் சட்டம் அனுமதிக்கலாம் என்றே தீர்மானித்திருந்தது. பத்து ஆண்டுக்குள் நிலை தலைகீழாயிற்று. 1973 இல் உயர் நீதிமன்றம் வழங்கிய கருக்கலைப்பு உரிமை 2022 யூனில் நீக்கப்பட்டதன் பின்னால் இந்த நீண்ட உழைப்பு இருக்கிறது.

விசுவாசிகள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜிம்மி கார்ட்டர் ஞாயிறு பாடசாலையில் வேதம் படிப்பித்த பப்ரிஸ்ற். ஜனாதிபதியாகச் சம உரிமைச் சட்டத்தை ஆதரித்தார். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும், பெண் போதகராகக் கூடாது என்று தன் சபைத் தலைமை அறிவித்த பின், 2000 ஆம் ஆண்டில் அந்தச் சபையை விட்டு விலகினார். அவருக்கு இழப்பு அவ்வளவு பெரிதல்ல. சோனியா ஜோன்சனுக்கு அப்படியில்லை. அவர் பரம்பரை மோர்மன், நான்கு பிள்ளைகளின் தாய். சட்டத்தை ஆதரித்து வெளிப்படையாகப் பேசியதற்காக 1979 டிசெம்பரில் சபை அவரை வெளியேற்றியது. அவர் மணவாழ்வும் முறிந்தது.

தவணையை 1982 யூன் 30 வரை நீடித்திருந்தார்கள். அந்தக் கடைசி வாரங்களில் சோனியாவும் வேறு ஆறு பெண்களும் இலினோய் தலைநகரில் 37 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஷிலாப்லியின் பெண்கள் பாண் கொண்டு வந்த அதே சட்டசபைக் கட்டடம். இலினோய் அசையவில்லை. 35 மாநிலங்களோடு எண்ணிக்கை நின்றது. யூன் 30 இரவு ஷிலாப்லியின் ஆதரவாளர்கள் வாஷிங்டனில் ஹோட்டலில் விருந்து வைத்துக் கொண்டாடினார்கள். அவர் 2016 இல் இறந்தார். அடுத்த ஆண்டிலிருந்து நெவாடாவும் பின் இலினோயும், 2020 இல் வேர்ஜினியாவும் சம்மதம் தெரிவித்து எண்ணிக்கையை 38 ஆக்கின. தவணை கடந்து விட்டதா இல்லையா என்ற வழக்காடலில் அந்த ஒரு வரி அரசியலமைப்பில் இன்னும் அச்சிடப்படாமல் இருக்கிறது.