எடையற்ற வெளியில் ஒரு பிறப்பு

மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு கூட்டுப்புழுவாகும் நேரத்தில், ஒரு பட்டு முடிச்சைப் பின்னி அதிலிருந்து தலைகீழாகத் தொங்கும். தோலை உரித்ததும் வால்முனைக் கொக்கிகளை அந்தப் பட்டில் மாட்டிக்கொள்ளும். பின்னர் கூட்டைப் பிளந்து வரும்போது சிறகுகள் பிழிந்த துணிபோலச் சுருண்டிருக்கும். தொங்கியபடியே உடல் திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தும். சில நிமிடங்களில் சிறகு விரியும். பிடி நழுவிக் கீழே விழுந்து, தொங்க இடம் கிடைக்காமல் போனால் சிறகு கோணலாகவே காய்ந்துவிடும். அப்புறம் பறக்க வழியில்லை.

இத்தனைக்கும் துணை நிற்பது புவியீர்ப்பு. அது இல்லாவிட்டால் என்ன ஆகும்?

இதைப் பார்க்கத்தான் 2009 நவம்பர் 16 அன்று மூன்று மொனார்க் புழுக்கள் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் ஏறி, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பயோசெர்வ் மையம் அவற்றுக்கான பெட்டியைத் தயாரித்தது; உள்ளே நடப்பதையெல்லாம் கேமரா பதிவு செய்தது. மொனார்க் புழுவுக்கு எருக்கின் உறவான பாற்செடி இலைதான் உணவு. நம் ஊர் எருக்கில் வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி இதற்கு நெருங்கிய சொந்தம். விண்வெளிக்கு இலைக்குப் பதில் செயற்கை உணவு கொடுத்தனுப்பினார்கள். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் வகுப்பறையில் புழுக்களை வளர்த்து, விண்வெளிப் படங்களோடு ஒப்பிட்டார்கள். நவம்பர் 30 அன்று ஒரு மொனார்க் கூட்டைவிட்டு வெளியே வந்தது. மேல், கீழ் என்பதே இல்லாத இடத்திலும் உருமாற்றம் தடைபடவில்லை.

உருமாறுவது வேறு, பறப்பது வேறு. 1982 மார்ச்சில் டாட் நெல்சன் என்ற மினசோட்டா பள்ளி மாணவரின் யோசனைப்படி அந்துப்பூச்சி, தேனீ, ஈ ஆகியவை கொலம்பியா விண்ணோடத்தில் போயின. தேனீக்கள் நிலைகொள்ளாமல் உருண்டன. ஈக்கள் பறப்பதைக் குறைத்துக்கொண்டு சுவரில் நடந்தன. பூமியில் பறந்து பழகிய அந்துப்பூச்சிகள் சிறகடித்துத் தடுமாற, விண்ணில் கூட்டைவிட்டு வந்தவையோ சிறகை அதிகம் அசைக்காமலே மிதக்கப் பழகிவிட்டன. சிரமப்பட்டது பழைய பழக்கத்தோடு போனவைதான்.

இது வெறும் வேடிக்கை அல்ல. 2021-ல் விண்வெளி நிலையத்தில் மிளகாய் பூத்தபோது, மகரந்தத்தைப் பரப்ப மின்விசிறிக் காற்றைப் பயன்படுத்தினார்கள். மிளகாய்ப் பூவுக்குக் காற்று போதும். பூச்சி வந்தால்தான் காய்க்கும் பயிர்களுக்குப் போதாது. செவ்வாய்ப் பயணத்தில் அப்படியொரு தோட்டம் போடுவதானால், பூச்சிகளைக் கூட்டுப்புழுக்களாக ஏற்றிப் போய் அங்கேயே சிறகு விரிய விடுவதுதான் புத்திசாலித்தனம். பறந்து பழகிய பூச்சிகளை இங்கிருந்து கொண்டுபோனால், அவை முதலில் பூமியை மறக்க வேண்டியிருக்கும்.