தீக்காய மருத்துவ ஆவணங்களில் சுருக்கக்குறிகளும் தமிழாக்கமும்: சிவகாசிப் பட்டாசுத் தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பட்டாசு ஆலைகளில் காயமுறும் தொழிலாளர்க்கு வழங்கப்பெறும் மருத்துவ ஆவணங்கள் ஆங்கிலச் சுருக்கக்குறிகள் மிக்கவை. அவற்றைத் தமிழாக்கும்போது எழும் பொருள் மயக்கத்தின் வகைகளை இக்கட்டுரை விளக்குகிறது. விரிவு உறுதிப்படாத இடத்தில் மயக்கத்தை மறைக்காது காட்டுதலே மொழிபெயர்ப்பாளர் கடன் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: சுருக்கக்குறி, மருத்துவ மொழிபெயர்ப்பு, குழூஉக்குறி, தீக்காயம், சிவகாசி.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்கள் இந்தியப் பட்டாசு உற்பத்தியின் மையமாக விளங்குகின்றன. வெடிவிபத்துகள் இத்தொழிலைத் தொடர்ந்து வருகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். இப்பகுதியில் கடுந்தீக்காயமுற்றோர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பப்பெறுதல் வழக்கம். 2022இல் விருதுநகரிலும் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது.

சிகிச்சையோடு ஆவணங்களும் பிறக்கின்றன. ‘ஏ.ஆர். காப்பி’ என வழங்கும் விபத்துப் பதிவேட்டுப் படி, காயச் சான்று, ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ ஆகியன அவற்றுள் முதன்மையானவை. மருத்துவர் மற்றொரு மருத்துவர்க்கென எழுதிய இவற்றைப் பின்னர்க் காவல் துறையினர், வழக்கறிஞர், இழப்பீட்டு அலுவலர், குடும்பத்தார் எனப் பலரும் படிக்க நேர்கிறது. அப்போது தமிழாக்கம் தேவையாகிறது. ஓரிரு எழுத்துகளின் பொருளே ஒரு குடும்பத்தின் உரிமையைத் தீர்மானிக்கும் நிலையும் ஏற்படுகிறது.

சுருக்கமும் குழூஉக்குறியும்

எழுத்தைச் சுருக்கி எழுதுதல் தமிழுக்குப் புதிதன்று. ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்றும், ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றிற்குத் தனிக்குறிகளும் பழைய ஆவணங்களில் வழங்கின. ஆயின் அவை எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் பொதுவானவை. மருத்துவச் சுருக்கங்களோ நன்னூல் தகுதி வழக்கினுள் வைக்கும் குழூஉக்குறியை ஒத்தவை. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதுபோல, ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் குறிகள் இவை. இங்கு மறைத்தல் நோக்கமன்று, விரைவே நோக்கம்; எனினும் புறத்தார்க்கு விளைவு ஒன்றே.

தொல்காப்பிய மரபியல் வழிநூல் வகைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வைக்கிறது. சுருக்கக்குறியின் தமிழாக்கத்தில் விரித்தலும் மொழிபெயர்த்தலும் அடுத்தடுத்த இரு செயல்களாக அமைகின்றன. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் கிறீன் எதிர்கொண்டது முதன்மையாகக் கலைச்சொல்லாக்கச் சிக்கல். அவர்முன் மூலச்சொல் முழுமையாக நின்றது. இன்றைய ஆவண மொழிபெயர்ப்பாளர்க்கோ மூலச்சொல்லே முதலில் கண்டறியப்பட வேண்டியதாக உள்ளது.

ஒரு குறி, பல விரிவு

மயக்கத்தின் முதல் வகை, ஒரே குறி பல விரிவுகளை ஏற்பது. ‘ஓ.டி.’ என்பது இந்திய மருந்துச்சீட்டுகளில் ‘நாள்தோறும் ஒருமுறை’ எனப் பொருள்படும். கண் மருத்துவத்தில் அதே குறி இலத்தீன் வழியாக ‘வலக்கண்’ என்பதைக் குறிக்கும். பட்டாசு விபத்துகளில் கண்காயம் அரிதன்று. ஆகவே, சொட்டு மருந்தின் பெயரை அடுத்து ‘ஓ.டி.’ என மட்டும் இருப்பின் இரு பொருளும் பொருந்திவிடும். ‘பி.ஐ.டி.’ என்பது ‘நாளுக்கு இருமுறை’ என்றும், ‘இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர்’ என்றும் விரியும். ‘எம்.எஸ்.’ என்பது வலிநீக்கியாகிய மார்ஃபின் சல்பேட்டையும், அதனின் முற்றிலும் வேறான மக்னீசியம் சல்பேட்டையும் குறிக்கக்கூடும். இது காரணமாகவே அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004இல் நடைமுறைப்படுத்திய, பயன்படுத்தக்கூடாத சுருக்கங்களின் பட்டியலில் இக்குறி இடம்பெற்றது.

இச்சிக்கல் ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. ஸ்பானிய மருத்துவ ஆவணங்களில் ‘ஐ.ஆர்.ஏ.’ என்பது கடுஞ்சிறுநீரகச் செயலிழப்பையும் கடுஞ்சுவாசத் தொற்றையும் குறிக்கும். ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்திற்கு மொழிபெயர்ப்போரும் சூழலைக் கொண்டே இதனைத் தெளிகின்றனர்.

எண்ணும் அதன் அடிப்படையும்

இரண்டாம் வகை மயக்கம் சுருக்கக்குறி விடுபடுவதால் விளைவது. தீக்காய ஆவணங்களில் ‘டி.பி.எஸ்.ஏ.’ என்னும் குறி ‘மொத்த உடற்பரப்பு’ என விரியும். வளர்ந்தோரின் வெந்த பரப்பைக் கணிக்க ‘ஒன்பதின் விதி’ பயன்படுகிறது. தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1 விழுக்காடு என்பது அவ்விதி. இரு கைகளும் உடலின் முன்புறமும் முழுதும் வெந்தால் 36 விழுக்காடாகும். இவ்வெண்ணைக் கொண்டே பார்க்லண்ட் வாய்பாடு முதல் 24 மணி நேரத்திற்கான நீர்மத்தைக் கணிக்கிறது. 50 கிலோ எடையுள்ளவர்க்கு 40 விழுக்காடு தீக்காயமெனில் 4 × 50 × 40 = 8000 மில்லிலிட்டர்; அதில் பாதி, காயமுற்றதிலிருந்து முதல் 8 மணி நேரத்திற்குள் செலுத்தப்பட வேண்டும்.

இதே ‘40 விழுக்காடு’ சட்டத்தில் வேறு பொருள்களைப் பெறுகிறது. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, மற்றக் கண் இயல்பாக இருக்க ஒரு கண்ணை இழத்தலை வருவாய் ஈட்டும் திறனில் 40 விழுக்காட்டு இழப்பாக வகுத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40 விழுக்காட்டை வரையளவு ஊனத்தின் கீழெல்லையாகக் கொள்கிறது. முதலாவது வெந்த தோலின் பரப்பு. இரண்டாவது உழைத்துப் பொருளீட்டும் ஆற்றலின் இழப்பு. மூன்றாவது ஊனத்தின் அளவு. இவை ஒன்றினின்று மற்றொன்று பெறப்படுவன அல்ல. சிறு பரப்பே வெந்திருப்பினும் விரல்கள் மடங்கி ஒட்டிக்கொண்டால், திரி செருகும் தொழிலாளி தம் தொழிலை இழக்க நேரும். ஆகவே ‘40% தீக்காயம்’ எனத் தமிழாக்குதல் போதாது. ‘மொத்த உடற்பரப்பில் 40 விழுக்காடு’ என எண்ணின் அடிப்படையும் சுட்டப்பெற வேண்டும்.

கூற்றும் கண்டறிதலும்

மூன்றாம் வகை, சான்றின் தன்மை பற்றியது. ‘ஹெச்/ஓ’ என்னும் குறியை ‘வரலாறு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் சிதைகிறது. நோயுற்றவரோ உடன்வந்தவரோ மருத்துவரிடம் கூறியது என்பதே அதன் கருத்து. ‘வெடிவிபத்தில் காயமுற்றதாகக் கூறப்பட்டது’ என்பது கேட்டறிந்த செய்தி. ‘இரு கைகளிலும் தீக்காயம்’ என்பது மருத்துவர் கண்டறிந்த செய்தி. முன்னதை ‘வெடிவிபத்தில் காயமுற்றார்’ எனத் தமிழாக்கினால், கேட்ட செய்தி மருத்துவர் முடிபாக மாறிவிடும். விபத்து நிகழ்ந்த இடமும் முறையும் வழக்கிற்குள்ளாகும்போது இவ்வேறுபாடு இன்றியமையாததாகிறது.

தமிழெழுத்தில் பெருகும் மயக்கம்

நான்காம் வகை மொழிபெயர்ப்பினாலேயே உண்டாவது. விரிவு தெரியாதபோது ஆங்கில எழுத்துகளைத் தமிழில் ஒலிபெயர்த்து விடுதல் எளிய வழியாகத் தோன்றும். ஆனால் ஆங்கில நெடுங்கணக்கின் 2ஆம் எழுத்தும் 16ஆம் எழுத்தும் தமிழில் ‘பி’ எனவும், 4ஆம் எழுத்தும் 20ஆம் எழுத்தும் ‘டி’ எனவும் ஒன்றாகின்றன. இதனால் மூலத்தில் வேறுபட்டிருந்த குறிகள் தமிழில் ஒருங்கிணைகின்றன. ‘பி.டி.’ என்பது நாளுக்கு இருமுறை, குருதிக் கசிவு நேரம், புரோத்ராம்பின் நேரம் ஆகிய மூன்றற்கும் ஒரே வடிவாகிறது. இரத்த அழுத்தமும் உணவுக்குப் பின் எடுக்கப்படும் அளவும் ‘பி.பி.’ என்றே நிற்கின்றன. மூலத்தில் இல்லாத மயக்கம் இங்குப் புதிதாகப் பிறக்கிறது.

புதிய தமிழ்ச் சுருக்கங்களும் இதற்குத் தீர்வாகா. ‘வ.’ என்பதை வலது எனவும் வயது எனவும் கொள்ளலாம்.

நெறிமுறைகள்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நெறிகள் பெறப்படும்.

1. குறியின் அண்டைச் சொற்களை நோக்குதல். மருந்தளவை அடுத்து வரின் கால இடைவெளியாகவும், பார்வை அளவை அடுத்து வரின் கண்ணாகவும் கொள்ள இடமுண்டு. அதே ஆவணத்தில் இடக்கண்ணுக்குரிய இலத்தீன் குறியும் காணப்படின் முடிபு வலுப்பெறும்.

2. மூல ரோமன் எழுத்துகளை அவ்வாறே தந்து, அருகில் முழுத் தமிழ் விரிவை எழுதுதல்.

3. இரு விரிவுகள் பொருந்தின் இரண்டையும் தந்து, ‘மூலத்தில் தெளிவில்லை’ எனக் குறித்து, எழுதிய மருத்துவரிடமோ மருத்துவமனைப் பதிவுப் பிரிவிடமோ விளக்கம் பெறுதல்.

4. விழுக்காடு வருமிடமெங்கும் ‘எதில்’ என்னும் வினாவிற்கு விடை தருதல்.

5. கூற்றையும் கண்டறிதலையும் வினைமுற்றால் வேறுபடுத்துதல்.

முடிவுரை

இலக்கிய மொழிபெயர்ப்பில் இருபொருள் நயமாகலாம். மருத்துவ ஆவணத்தில் அது தீங்காகும். எனினும் அத்தீங்கை ஊகத்தால் நீக்குதல் அதனினும் பெருந்தீங்கு. தெளிவற்ற மூலத்தினின்று தெளிவான தமிழ் பிறந்தால், படிப்பவர் ஐயுறுவதற்கான வாய்ப்பே அகன்றுவிடும். தெரிந்ததை முழுச் சொல்லால் விரித்தும், தெரியாததைத் தெரியாதது என்றே காட்டியும் செய்யப்பெறும் தமிழாக்கமே தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் துணையாக அமையும்.