பிள்ளையின் நடையைக் கொஞ்சம் பாருங்கள்



இரண்டு வருடத்திற்கு முன் ஒரு தாயார் தம் 13 வயது மகனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். "ஐயா, மூணு வாரமா முட்டி வலிக்குதுன்னு நொண்டுறான். தைலம் போட்டு நீவியும் பார்த்தாச்சு, கேக்கலை" என்றார். பையன் 70 கிலோவுக்கு மேல். முட்டியை அமுக்கிப் பார்த்தேன். வீக்கமில்லை, சூடுமில்லை. வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலை ஊன்ற முடியவில்லை. கோளாறு முட்டியில் இல்லை, இடுப்பு மூட்டில்! முதல் நாளே படுக்க வைத்துத் தொடையை மடக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தவறு என்னுடையதுதான்.

உடல் கனத்துக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம்? நம் தாய்மார்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. கூடை நிறையக் கொழுந்தோடு சரிவில் இறங்கும்போது எப்படி நடக்கிறீர்கள்? காலை அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, மெதுவாக, இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிந்த பிறகே அடுத்த அடி. கனத்த பிள்ளையும் அப்படித்தான் நடக்கிறான். நீங்கள் கூடையை நிறுவையில் இறக்கி வைத்துவிடுகிறீர்கள். அவன் எங்கே இறக்குவான்?

சமதரையில் நடக்கும்போதே ஒவ்வோர் அடிக்கும் முட்டியின் மேல் உடம்பின் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் விழுகிறது. 10 கிலோ கூடினால் முட்டிக்கு அது 20, 30 கிலோ. நம் மலைப்பாதையில் இறங்கும்போது இன்னும் அதிகம். பாதத்தின் வளைவு தட்டையாகும், முட்டிகள் உட்பக்கம் சாய்ந்து உரசும். குளித்துவிட்டு ஈரக்காலோடு அஞ்சடியில் நடக்கச் சொல்லுங்கள். பாதம் முழுவதும் சிமெந்தில் பதிந்தால் தட்டைப் பாதம் என்று அறியலாம். வலி இல்லாவிட்டால் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. சுமார் 10 முதல் 16 வயது வரை, தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கும் தண்டுக்கும் நடுவே வளரும் குருத்து ஒன்று இருக்கும். அது எலும்பைப் போல உறுதியானதல்ல. பாரம் தாங்காமல் அந்த இடம் நழுவிவிடும், மழைக்குப் பிறகு ரோட்டோரத்து மண் சரிகிற மாதிரி. கனத்த பிள்ளைகளிடம் இது அதிகம். ஒல்லியான பிள்ளைக்கும் வரலாம். பொல்லாத விஷயம் என்னவென்றால், இடுப்பு நழுவ, வலி தொடையிலும் முட்டியிலும் தெரியும். முட்டியைப் படம் எடுத்தால் சுத்தமாக இருக்கும்!

ஆகவே பிள்ளை நொண்டினால், அந்தக் காலின் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் இழுக்கவும் நீவவும் கூடாது. நடக்க விடாதீர்கள். அன்றைக்கே வண்டி பிடித்துத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். "இடுப்பையும் எக்ஸ்ரே எடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும், மற்றக் காலும் நழுவக்கூடும். ஸ்குரூ வைத்து நிறுத்திவிடுவார்கள். தாமதித்தால் எலும்பின் தலைக்கு ரத்தம் போவது நின்று மூட்டே கெடலாம். நான் சொன்ன பையனுக்கு ஆபரேஷன் நடந்தது. நடக்கிறான், ஆனால் ஒரு கால் சற்றுக் குட்டை.

2019-ல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்குப்படி நாட்டில் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு ஏறக்குறைய 30 பேர் அளவுக்கு மீறிய எடை. நாம் லயத்திலிருந்து பள்ளிக்கு நடந்தோம், இப்போது வேன் வருகிறது. பாட்டிமார் "எம்பேரன் கொழுகொழுன்னு இருக்கான், கண்ணு பட்டுரும்" என்று இன்னொரு கிண்ணம் வைக்கிறார்கள். டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. காலையில் ஒரு மைலோ, மாலையில் ஒரு தேத்தண்ணி, நடுவில் கடைத் தண்ணீர் என்றால் கணக்கு எங்கே போகும்?

பட்டினி போடச் சொல்லவில்லை. வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் கூடக்கூடச் சரியாகிவிடும். சீனியைப் பாதியாக்குங்கள், வலி இல்லாத பிள்ளையைத் தினமும் நடக்க விடுங்கள். வெறும் சிலிப்பர் வேண்டாம், குதிகாலைப் பிடிக்கிற சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். "குண்டா" என்று கூப்பிடாதீர்கள். அப்படிக் கூப்பிட்டால் அவன் வீட்டை விட்டு வெளியே வரமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது பிள்ளையை முன்னால் விட்டு, பத்தடி பின்னால் நடந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் என்னிடம் கூட்டி வாருங்கள். இப்போதெல்லாம் முட்டி வலி என்று யார் வந்தாலும் நான் இடுப்பைத்தான் முதலில் பார்க்கிறேன்.